முதலில் தண்ணீர், அப்புறம் மீன்

அத்தியாயம் 3: இரண்டடித் தொட்டியை அமைப்பதும் பராமரிப்பதும்

கடையில் தொட்டி, கல், மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே மீனை விட்டுவிடுகிறோம். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கிறது. 'மீன் நமக்கு ராசியில்லை' என்று தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. இதில் ராசிக்கு வேலையே இல்லை. மீன் வாழத் தயாராகாத தண்ணீரில் மீனை விட்டதுதான் காரணம். இந்த அத்தியாயத்தில் உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். மீன் வருவதற்குள் ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரம் பொறுத்தவர்களின் தொட்டி ஆண்டுக்கணக்கில் ஓடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கொள்கை

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். வாராவாரம் தண்ணீர் மாற்றி அதை வெளியேற்றிவிடலாம்.

இந்த இரண்டு பாக்டீரியாவும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வளர்பவை. புதுத் தொட்டியில் இவை இருக்காது, வளர்க்க வேண்டும். வளர்ந்த பிறகு கழுவிக் கொன்றுவிடக் கூடாது. மீன் வளர்ப்பின் சூட்சுமம் இவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை

1. கண்ணாடித் தொட்டி: 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். கண்ணாடி 5 மில்லிமீட்டர் கனம். கல் போட்டு, மேலே ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 60 லிட்டர் பிடிக்கும்.
2. ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை இயக்க ஏர் பம்ப், டியூப், நான்-ரிட்டர்ன் வால்வ்.
3. கூழாங்கல் அல்லது பருமணல், 15 கிலோ.
4. எல்.இ.டி. விளக்கு, வலை மூடி, வெப்பமானி.
5. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கும், சொட்டு விட்டுச் சோதிக்கும் கிட்.
6. கல்லுக்குள் இறக்கி அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாய்.
7. தொட்டிக்கென்றே ஒதுக்கிய இரண்டு பக்கெட். சோப்புப் பட்ட பக்கெட் உதவாது.

குறிப்பு: சின்னத் தொட்டிதான் சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய விஷம் சேரும் வேகமும் வெப்பம் ஏறும் வேகமும் கூடும். மேஜை மேல் வைக்கும் உருண்டைக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வளர்ப்பது அந்த மீனைச் சித்திரவதை செய்வதுதான். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். வண்ணமீன் வளர்ப்பும் விற்பனையும் அங்கே பெரிய தொழில். தொட்டியும் சாமானும் பல கடைகளில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். ஆனால் முதல் தடவை மீன் வாங்காமல் திரும்ப வேண்டும்.

இடம் பார்ப்பது

1. தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 85 கிலோவைத் தொடும். டீப்பாய், டி.வி. ஸ்டாண்டு எல்லாம் தாங்காது. இரும்பு ஸ்டாண்டு அல்லது கடப்பா கல் மேடை வேண்டும்.
2. நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும்.
3. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பாரம் ஒரே இடத்தில் இறங்கி, ஒருநாள் கண்ணாடி விரிசல் விடும்.
4. தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் விரியுங்கள். சிறு மேடு பள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும்.
5. பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும்.

மின்சாரம்: விட்டுக்கொடுக்கக் கூடாத நான்கு விதிகள்

1. தொட்டிக்குப் போகும் மின்இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். வீட்டில் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பொருத்திய பிறகு தொட்டிக்கு வாருங்கள்.
2. ஒயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.
3. ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்ப்புக்குள் போகும். டியூபின் நடுவே நான்-ரிட்டர்ன் வால்வையும் மாட்டுங்கள்.
4. தண்ணீருக்குள் கை விடும் முன் எல்லா ஸ்விட்ச்சையும் அணையுங்கள். ஒருமுறைகூட விதிவிலக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டுத் தண்ணீரை அறிவது

மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர்: குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும். பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்ப் டியூபின் நுனியில் மாட்டும் ஏர் ஸ்டோனைப் போட்டு, மூடாமல் 24 மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி சேர்க்கலாம்.

போர் தண்ணீர்: குளோரின் இருக்காது, உப்பும் கடினத்தன்மையும் இருக்கும். டி.டி.எஸ். மீட்டரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 500-ஐத் தாண்டினால் தண்ணீரை மாற்ற முயலாமல், அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஆர்.ஓ. தண்ணீர்: இதை மட்டும் ஊற்றி நிரப்பாதீர்கள். மீனுக்கு வேண்டிய தாது உப்புகளும் அதில் போய்விடும், பி.எச். நிலையாக நிற்காது. வேண்டுமானால் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆனால் தொடங்கிய விகிதத்தைக் கடைசிவரை மாற்றக் கூடாது.

தொட்டியை நிரப்புவது

1. வெறும் தொட்டியைத் துணியால் துடையுங்கள். சோப்பு, பினாயில் எதுவும் படக் கூடாது.
2. தண்ணீர் நிரப்பி ஒருநாள் முழுவதும் கசிவு பாருங்கள். ஓரங்களில் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுத்தால் துளிக் கசிவும் தெரிந்துவிடும். கசிந்தால் கடைக்காரரிடமே கொடுத்து மாற்றுங்கள்.
3. கல்லைப் பக்கெட்டில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஒரு கைப்பிடிக் கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரை மேலும் கடினமாக்கும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, பவளப்பாறைத் துண்டு எதையும் நன்னீர்த் தொட்டியில் போடாததும் இதனால்தான்.
4. கல்லை முன்பக்கம் ஒன்றரை அங்குலம், பின்பக்கம் இரண்டரை அங்குலம் என்று சரிவாகப் பரப்புங்கள். அழுக்கு முன்னால் சேரும், எடுப்பது சுலபம்.
5. ஸ்பாஞ்ச் ஃபில்டரை மூலையில் வையுங்கள்.
6. கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றுங்கள். கல் கலையாது.
7. செடி நடுங்கள். வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மூன்றும் அதிகம் கேட்காதவை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டின் கிழங்குத் தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள்.
8. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ஏர் பம்ப் மட்டும் இரவும் பகலும் ஓட வேண்டும்.

மீன் இல்லாத ஆறு வாரம்

1. மறுநாள், தோல் உரிக்காத பச்சை இறால் ஒன்றைச் சின்ன வலைப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும்; பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.
2. மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்துக் கலங்கும். லேசாகக் கவிச்சி வாடையும் வரும். பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் தானே தெளியும்.
3. மூன்று நாளுக்கு ஒருமுறை சோதனை செய்து நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தெரியும்.
4. இறால் கரைந்துபோய் அம்மோனியா சீக்கிரமே இறங்கிவிட்டால் இன்னொன்று போடுங்கள். சாப்பாடு நின்றால் பாக்டீரியா பட்டினி கிடக்கும்.
5. அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். மிச்சமிருக்கும் இறாலை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் முதல் மீன்களை விட்டுவிடுங்கள்.

காலத்தைக் குறைக்க நேர்வழி ஒன்று உண்டு. நண்பர் வீட்டில் நோயில்லாமல் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு வையுங்கள். காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும், பயனில்லை. துண்டு வைத்தாலும் சோதனையை நிறுத்தாதீர்கள்.

எந்த மீன்?

கடினமான போர் தண்ணீருக்கு மோலி, கப்பி, பிளாட்டி, ஸ்வோர்டுடெய்ல். நான்கும் குட்டி போடுபவை. கடினத் தண்ணீர் இவற்றுக்கு ஒத்துப்போகும். கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆணும் பெண்ணும் சேர்த்து விட்டால் சில மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும். ஆண் கப்பி மட்டும் வாங்குங்கள். வண்ண வாலும் அதற்குத்தான்.

நடுத்தரத் தண்ணீருக்கு ஜீப்ரா டேனியோ, குள்ள கௌராமி. ஜீப்ரா கூட்டமாக வாழும் மீன். ஆறுக்குக் குறையாமல் விடுங்கள். கௌராமி ஒன்று போதும். நியான் டெட்ரா அமேசான் ஆற்று மீன். மென்மையான தண்ணீர் உள்ளவர்கள் மட்டும் அனுபவம் வந்த பிறகு முயலலாம்.

60 லிட்டரில் விடக் கூடாதவை:

- கோல்டு ஃபிஷ்: நன்றாக வளர்த்தால் முக்காலடி வரும், கழிவும் மிக அதிகம்.
- கோய்: இரண்டடி வளரும் குளத்து மீன்.
- அரோவானா: வாஸ்துக்காகக் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டடிக்கு மேல் வளரும் மீனை இரண்டடித் தொட்டியில் வைக்க முடியாது.
- சக்கர்: 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று சொல்லி விற்பார்கள். பண்ணாது. ஒன்றரை அடி வளர்ந்து, தானே பெரிய அழுக்காகும்.

சிறு மீன்கள் மொத்தம் எட்டு முதல் பத்து. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்து விடுவது

1. கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை விரித்து நீந்துகிறதா, தீனிக்கு ஓடி வருகிறதா என்று கவனியுங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கும் மீனும், உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி உள்ள மீனும் வேண்டாம். அதே தொட்டியில் ஒன்று செத்துக் கிடந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.
2. முதல் தவணையில் நான்கு கப்பி, அல்லது ஆறு ஜீப்ரா. அவ்வளவுதான்.
3. வீட்டில் தொட்டி விளக்கை அணையுங்கள். கவரைப் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள்.
4. பிறகு கவரைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு ஐந்து தடவை.
5. வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நோயும் சேர்ந்து வரும்.
6. அன்று தீனி வேண்டாம்.
7. அடுத்த தவணைக்கு இரண்டு வாரம் விடுங்கள். இரண்டாவது தவணை மீனைத் தனி டப்பில், ஏர் ஸ்டோனோடு, இரண்டு வாரம் வைத்துப் பார்த்த பிறகே பழைய மீனோடு சேருங்கள். டப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

தீனி

கோயில் குளத்தில் பொரி போட்ட பழக்கத்தில் வீட்டுத் தொட்டியிலும் பொரி, பிரெட், சோற்றுப் பருக்கை எல்லாம் விழும். அவ்வளவும் அழுகி அம்மோனியாவாகத்தான் மாறும். தினம் ஒருமுறை அல்லது இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். வாரத்தில் ஒருநாள் விரதம் நல்லது. வீட்டில் ஒருவர் மட்டும் போடுவது என்று முடிவு செய்யுங்கள். பாட்டி ஒருமுறை, பேரன் ஒருமுறை என்று போட்டால் அளவு மூன்று மடங்காகும். இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போனால் தீனி போடாமலே போகலாம். வளர்ந்த மீன்கள் தாங்கும்.

வாராந்திர வேலை

அரை மணி நேர வேலை இது. கிழமையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. முந்தின நாளே மாற்றுத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.
2. ஸ்விட்ச்சுகளை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் 15 நிமிடம் முன்பே அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் இறங்கினால் கண்ணாடி வெடிக்கும்.
3. முன்கண்ணாடிப் பாசியைப் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள்.
4. சைஃபனைக் கல்லுக்குள் குத்திக் குத்தி அழுக்கை உறிஞ்சி, கால்வாசித் தண்ணீரை, அதாவது 15 லிட்டரை, வெளியேற்றுங்கள். ஒரு வாரம் வலப்பாதி, மறுவாரம் இடப்பாதி. குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். தண்ணீருக்குள் முக்கி நிரப்பி, நுனியை விரலால் அடைத்து வெளியே எடுத்தால் தானே ஓடும்.
5. வெளியேற்றிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள், நல்ல உரம்.
6. புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஸ்விட்ச்சுகளைப் போடுங்கள். குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சை எடுத்து, வெளியேற்றிய தொட்டித் தண்ணீர் உள்ள பக்கெட்டில் இரண்டு மூன்று முறை பிழியுங்கள். காபி டிகாஷன் நிறத்தில் அழுக்கு இறங்கும். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும், அப்படியே மாட்டுங்கள். குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கழுவினால் குளோரினில் பாக்டீரியா செத்து, ஆறு வார உழைப்பு சாக்கடையில் போகும்.

மீனைக் கொல்லும் ஐந்து பழக்கங்கள்

1. மாதம் ஒருமுறை மீனைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது. நம் வீடுகளில் அதிகம் மீன் சாவது இதனால்தான். தொட்டி பளிச்சென்று இருக்கும். விஷத்தை மாற்றும் பாக்டீரியா ஒன்றுகூட மிஞ்சாது. அடுத்த வாரம் மீன் சாகும். 'சுத்தமாகத்தானே வைத்திருந்தோம்' என்று புரியாமல் நிற்போம்.
2. ஆவியான தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டு, தண்ணீர் மாற்றியதாக நினைப்பது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கிக் கூடிக்கொண்டே போகும்.
3. தொட்டி இருக்கும் அறையில் கரப்பான் ஸ்ப்ரே அடிப்பது, கொசுவிரட்டி வைப்பது. இவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக்காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் செலுத்தும். பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும் தொட்டியை மூடி, பம்ப்பை அடுத்த அறையில் வைத்து நீளமான டியூபால் இணையுங்கள்.
4. ராத்திரி சத்தம் போடுகிறதென்று ஏர் பம்ப்பை அணைப்பது. இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் பற்றாக்குறை உச்சத்தில் இருக்கும்.
5. ஒரு மீன் சோர்ந்தவுடன் தொட்டி முழுவதும் நீல மருந்தை ஊற்றுவது. மெத்திலீன் புளூ பாக்டீரியாவையும் செடியையும் பாதிக்கும். தனி டப்பில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கோடையும் கரண்ட் கட்டும்

24 முதல் 28 டிகிரி இந்த மீன்களுக்குச் சுகமான வெப்பம். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டும். சூடு ஏற ஏற தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்; மீனுக்குத் தேவையோ கூடும். வலை மூடியை மட்டும் போட்டு, சின்ன ஃபேனைத் தண்ணீர் மேற்பரப்பில் படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தீனியைக் குறையுங்கள். ஐஸ்கட்டி போடாதீர்கள்; திடீர் மாற்றம் சூட்டைவிட மோசம். சமவெளியில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு வாசிகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள். பேட்டரியும் தீர்ந்தால், அரை மணிக்கு ஒருமுறை ஒரு ஜக்கில் தொட்டித் தண்ணீரை அள்ளி, ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும்.

மீன் சரியில்லை என்றால்

மருந்து பாட்டிலை எடுக்கும் முன் சோதனை கிட்டை எடுங்கள்.

- எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால்: பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.
- அம்மோனியா அல்லது நைட்ரைட் தெரிந்தால்: தீனியை நிறுத்தி, பூஜ்யமாகும்வரை தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.
- வெள்ளைப் புள்ளி: ஒட்டுண்ணி நோய், வேகமாகப் பரவும். இதற்கு மட்டும் முழுத் தொட்டிக்கும் மருந்து வேண்டும். வெள்ளைப் புள்ளிக்கென்றே விற்கும் மருந்தை அளவுப்படி போட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல், சொல்லப்பட்ட நாள் முழுவதும் போடுங்கள்.

உங்கள் பாதுகாப்பு: கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடாதீர்கள். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா காயத்தின் வழியே புகுந்து, நெடுநாள் ஆறாத புண்ணை உண்டாக்கும். அப்படி ஒரு புண் வந்தால், மீன் வளர்ப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். தொட்டி வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளையும் கழுவச் செய்யுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால்

வீடு மாறலாம், மீன் பெருகலாம், அளவுக்கு மீறி வளரலாம். எதுவானாலும் ஏரியிலோ ஆற்றிலோ கோயில் குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதற்கு வளர்ப்பு மீன்கள் வெளியே போனதுதான் காரணம். உடம்பெல்லாம் முள்ளும் தகடுமாக இருக்கும் அந்த மீன் வலையைக் கிழிக்கிறது. நாட்டு மீன்களின் இரையைத் தின்கிறது. மீனவருக்கு விலையும் போவதில்லை. கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். கழித்த செடிகளையும் வாய்க்காலில் வீசாமல் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் முதல் மீனை வாங்குங்கள்.